பேசாப் பிள்ளைகளும் பெற்றோர் நம்பிக்கையும்

(வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளிவிழா என்பது பெற்ற வெற்றிகளை எண்ணி மகிழும் விழா. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பள்ளிப் படியேறிய பிள்ளைகள் இன்று ஆசிரியர்களாகவும், செவிலியர்களாகவும், வழக்கறிஞர்களாகவும் இம்மண்டபத்தில் அமர்ந்திருக்கக் காண்கிறோம். அவர்களுடைய பெருமையை எடுத்துரைக்கப் பலர் உளர். நான் பேச வந்திருப்பதோ, இம்மண்டபத்திற்கு அழைத்து வரப்படாத பிள்ளைகளைப் பற்றி. ஆறு வயதாகியும், எட்டு வயதாகியும் ‘அம்மா’ என்று ஒருமுறையும் அழைக்காத பிள்ளைகள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். கூட்டம் கண்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறார்கள் என்பதனால் அவர்களோடு தாயும் வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். கல்வியை எல்லார்க்கும் உரியதாக்குவோம் என்று கிளம்பிய சங்கம், அந்தப் பிள்ளையையும் அந்தத் தாயையும் எண்ணிப் பார்க்காமல் இவ்விழாவை நிறைவு செய்தல் முறையாகாது.

ஆட்டிசம் என்று மருத்துவர்கள் இந்நிலைக்குப் பெயர் சூட்டியிருக்கின்றனர். நம் அரசின் ஆவணங்களில் இது ‘புறவுலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்’ என்று எழுதப்பட்டு வந்துள்ளது. அப்பெயரைச் சற்றே எண்ணிப் பாருங்கள். புறவுலகைப் பற்றிய சிந்தனையே இல்லாதவன் என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது! பேசவில்லை என்பதைக் கண்டவர்கள், சிந்திக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். அம்முடிவு தவறு என்பதே நான் இன்று சொல்ல வந்த செய்தி. பேச்சு வேறு, கருத்தைப் பிறர்க்குத் தெரிவித்தல் வேறு. பேச்சு வரும் வரையில் காத்திராமல், கருத்தைத் தெரிவிக்கும் வழியை இன்றே பிள்ளையின் கையில் கொடுப்பதுதான் பெற்றோரின் நம்பிக்கைக்கு உறுதியான அடித்தளமாகும்.

இதன் வரலாற்றைச் சுருக்கமாகக் கூற விரும்புகிறேன். 1943ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் என்னும் மருத்துவர், பதினொரு பிள்ளைகளைக் கூர்ந்து கண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்பதினொருவருள் எண்மர்க்குப் பேச்சு வந்திருந்தது. மூவர் பேசவே இல்லை. ஆகவே பேசாப் பிள்ளைகள் இவ்வரலாற்றின் முதற்பக்கத்திலேயே இடம் பெற்றிருக்கின்றனர். இன்றைய கணக்கிலும் ஆட்டிசம் உடைய பிள்ளைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் முதல் மூன்றில் ஒரு பங்கினர் வரை மிகச் சில சொற்களே பேசுகின்றனர். அல்லது பேசுவதே இல்லை.

பிறகு நிகழ்ந்தது பெருங்கொடுமை. பிள்ளை இவ்வாறானதற்குத் தாயின் குளிர்ந்த நெஞ்சமே காரணம் என்று அறிஞர் சிலர் எழுதினர். புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இப்பழியை உலகெங்கும் பரப்பியது. ஆயின், அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1964இல், பெர்னார்ட் ரிம்லாண்டு என்னும் உளவியலறிஞர் இதற்குக் காரணம் உடற்கூற்றில் உள்ளது, வளர்ப்பில் இல்லை என்று வாதிட்டு நூல் எழுதியிருந்தார். அவரே அத்தகைய பிள்ளைக்குத் தந்தை. இன்று அறிவியல் அவர் பக்கமே நிற்கிறது. மூளை வளரும் விதத்தில், பெரும்பாலும் மரபணுக்களின் வழியாக, பிறப்பதற்கு முன்னரே தொடங்கும் வேறுபாடு இது. தாய் கொஞ்சாததனால் வந்ததன்று. வேலைக்குப் போனதனால் வந்ததன்று. கருவுற்ற காலத்தில் கிரகணம் பார்த்ததனால் வந்ததும் அன்று.

நம் நாட்டில் இன்னொரு பழியும் உண்டு. ‘முற்பிறவியில் செய்த வினை’ என்பார்கள். தோழர்களே, இச்சொல்லை நாம் எங்கே கேட்டிருக்கிறோம்? நம் பாட்டனையும் பூட்டனையும் ஊருக்கு வெளியே நிறுத்தியவர்கள் சொன்ன காரணமும் இதுதான் அன்றோ? அந்தக் கணக்கு பொய் என்று கண்டு, அதனைத் தூக்கி எறிந்த பிறகே நம்மவர் கல்விக்கூடத்தின் வாயிலில் நின்றனர். நமக்குப் பொய்யான கணக்கு நம் பிள்ளைக்கு மட்டும் எவ்வாறு மெய்யாகும்? ஆகவே உறவினர் எவரேனும் அத்தாயிடம் வினை, பாவம் என்று பேசுவாராயின், அதைத் தடுத்துச் சொல்லும் கடமை இச்சங்கத்தின் ஒவ்வோர் உறுப்பினர்க்கும் உண்டு.

இனிப் பேச்சுக்கு வருவோம். பேசாதவர் என்று பிறரால் ஒதுக்கப்பட்டவர்க்குச் சொல்ல ஒன்றும் இல்லையா? இக்கேள்விக்கு நம் வரலாறே விடை கூறும். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். 1920ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் தொடங்கிய மராத்தி இதழின் பெயரே ‘மூக்நாயக்’. வாயற்றோரின் தலைவன் என்று பொருள். அவ்விதழ்கள் வெளிவந்த நாளில்தான் நம் மக்கட்குச் சிந்தனை தோன்றிற்று என்று எவரேனும் கூறுவரா? சிந்தனை என்றும் இருந்தது. சொல்ல ஒரு கருவியும் கேட்க ஒரு செவியும் இல்லாதிருந்தன. நம் பேசாப் பிள்ளைக்கும் தேவைப்படுபவை அவ்விரண்டே: ஒரு கருவி, ஒரு செவி.

பெற்றோர் செய்யத் தக்கவற்றை ஒவ்வொன்றாகக் கூறுகிறேன்.

முதலாவது, செவியைச் சோதியுங்கள். பேச்சு வராத பிள்ளை எதுவாயினும், முதலில் கேட்கும் திறனைச் சோதித்தல் வேண்டும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேளாமையும் இருக்கக்கூடும். பிள்ளை பதில் சொல்லத் தேவையின்றி, உறங்கும்போதே செய்யத்தக்க சோதனைகள் இன்று உள்ளன. ‘அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினார்’ என்று ஆண்டுகளைக் கழித்துவிடாதீர்கள்.

இரண்டாவது, ‘ஐந்து வயதிற்குள் பேசாவிட்டால் பிறகு இல்லை’ என்று எவர் சொன்னாலும் மனம் உடைந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 2013இல் வெளியான ஓர் ஆய்வு, நான்கு வயதில் கடுமையான பேச்சுத் தாமதம் இருந்த, ஆட்டிசம் உடைய 535 பிள்ளைகள் எட்டு வயதைக் கடந்தபின் எந்நிலையில் இருந்தனர் என்று ஆராய்ந்தது. நூற்றுக்கு 70 பேர் சொற்களைச் சேர்த்துத் தொடராகப் பேசும் நிலையை எய்தியிருந்தனர். நூற்றுக்கு 47 பேர் சரளமாகவே பேசினர். இது பெரிய நம்பிக்கை. ஆயின் அதே கணக்கின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. நூற்றுக்கு முப்பது பேர் அந்நிலையை எய்தவில்லை. நம் பிள்ளை எப்பக்கத்தில் நிற்கும் என்று நான்கு வயதில் எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. எனவே பேச்சு வந்தாலும் வராவிட்டாலும் பிள்ளைக்குப் பயன்படும் வழியையே நாம் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

அவ்வழிதான் மூன்றாவது. சைகை, படம், எழுத்து, பேசும் கருவி ஆகிய இவற்றுள் பிள்ளைக்கு ஏற்றதைக் கற்றுக் கொடுத்தல். படங்களைக் கொடுத்துப் பொருள்களைப் பெறும் முறை ஒன்றை 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி பாண்டி, லோரி ஃபிராஸ்ட் என்னும் இருவர் உருவாக்கினர். அதன் தொடக்கத்தை முறையாகப் பயின்றோரிடம் ஒருமுறை கண்டறிந்தபின் குடிசை வீட்டிலும் செய்யலாம். பிள்ளைக்கு மிகவும் விருப்பமான பொருள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். முறுக்கு என்று வைத்துக்கொள்வோம். முறுக்கின் படம் ஒன்றைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். தாய் எதிரே அமர்ந்து முறுக்கைக் காட்ட வேண்டும். அக்காளோ பாட்டியோ பின்னால் அமர்ந்து, பிள்ளை முறுக்கை நோக்கிக் கை நீட்டும் அக்கணத்தில், அக்கையைப் படத்தின்மேல் வைத்து, எடுத்துத் தாயிடம் கொடுக்கத் துணை செய்ய வேண்டும். படம் கைக்கு வந்தவுடன் தாய் ‘முறுக்கு!’ என்று சொல்லி, அப்போதே முறுக்கைக் கொடுத்துவிட வேண்டும். ‘என்ன வேண்டும், சொல்லு சொல்லு’ என்று நச்சரித்தல் கூடாது. பின்னால் இருப்பவரின் உதவி நாளுக்கு நாள் குறைந்து, முற்றிலும் நின்றுவிட வேண்டும். பிள்ளை தானே எழுந்து சென்று, படத்தை எடுத்து வந்து, உங்கள் கையில் கொடுக்கும் நாள், அவன் உங்களை நோக்கிச் சொன்ன முதற்சொல்லின் நாள் என்று கொள்ளுங்கள்.

ஒரு படம் பத்துப் படமாகும், பத்து ஐம்பதாகும். தண்ணீர்த் தம்ளர், சோற்றுத் தட்டு, கழிவறை, பாட்டி வீடு, பேருந்து என்று அவனுடைய உலகத்துப் பொருள்களையே படமெடுத்துக் கொள்ளுங்கள். பெற்றோரும் பேசும்போது அப்படங்களைத் தொட்டுக்காட்டிப் பேசுதல் நன்று. கைக்குழந்தை பேசுவதற்கு முன்பு ஓராண்டுக் காலம் நம் பேச்சைக் கேட்கிறது அன்றோ? அதுபோலப் படங்களால் பேசக் கற்கும் பிள்ளையும், பிறர் படங்களால் பேசுவதைக் காண வேண்டும். ஒன்றைக் கேட்டபின் மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். அவனுடைய விடை மெல்ல வரும்.

‘படத்தைக் கொடுத்துப் பழக்கிவிட்டால் பிறகு வாய் திறப்பானா? சோம்பேறி ஆகிவிடமாட்டானா?’ என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, வளர்ச்சிக் குறைபாடு உடையோர்க்கு இத்தகைய மாற்று வழிகளைக் கற்பித்ததால் பேச்சு என்ன ஆயிற்று என்று ஆராய்ந்தது. நம்பத்தக்க சான்றுள்ள 27 பேருள் ஒருவர்க்கேனும் பேச்சுக் குறையவில்லை. பத்தில் ஒன்பது பங்கினர்க்கு, பெரும்பாலும் சிறிதளவேனும், கூடியே இருந்தது. 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஐந்து முதல் எட்டு வயதுள்ள, மிகக் குறைவாகவே பேசிய 61 பிள்ளைகளுள், விளையாட்டுடன் கூடிய பயிற்சியோடு பேசும் கருவியையும் முதலிலிருந்தே பெற்றவர்கள், கருவியின்றிப் பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிடத் தாமாக முன்வந்து மிகுதியாகப் பேசினர். ஊன்றுகோல் கொடுத்தால் கால் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. இத்தகைய பேசும் செயலி ஒன்று நம் சென்னையிலேயே ‘ஆவாஸ்’ என்னும் பெயரில் உருவாக்கப்பட்டிருக்கிறது என்பதும் நாம் அறிய வேண்டிய செய்தி.

நான்காவது, பிள்ளையின் முரட்டுத்தனத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் சிறுவன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். பல்வலியால் மோதுகிறானா? மின்விசிறியின் இரைச்சல் தாங்காமல் மோதுகிறானா? பாடம் போதும் என்பதற்காக மோதுகிறானா? எட்வர்ட் கார், மார்க் டுராண்டு என்னும் இருவர் 1985இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கடினமான வேலையைக் கண்டு முரண்டு செய்த பிள்ளைக்கு உதவி கேட்கவும், எவரும் கவனிக்கவில்லை என்று முரண்டு செய்த பிள்ளைக்குக் கவனத்தைக் கேட்கவும் கற்றுக்கொடுத்தனர். கேட்கக் கற்றதும் முரண்டு வெகுவாகக் குறைந்தது. அடித்துத் திருத்த முயன்றிருந்தால் அப்பிள்ளைக்கிருந்த ஒரே மொழியையும் பறித்திருப்போம்.

எனவே ‘வேண்டும்’ என்பதற்கான படத்தோடு ‘வேண்டாம்’, ‘போதும்’, ‘வலிக்கிறது’ என்பவற்றிற்கான படங்களையும் கட்டாயம் கற்றுக் கொடுங்கள். ‘வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அது ஒரு காவல். உடலின் எவ்விடத்தில் வலி என்று காட்டத் தெரிந்தால் மருத்துவரிடம் பாதி வேலை முடிந்தது. தீய எண்ணத்தோடு தொட்டவனைச் சுட்டிக் காட்டத் தெரியாத பிள்ளையைத்தான் தீயவன் தேடி வருவான். பெண் பிள்ளையைப் பெற்ற தாய்மார்கள் உறங்காமல் விழித்திருக்கும் காரணத்தை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஐந்தாவது, நம்பிக்கையை விற்போரிடம் விழிப்பாக இருங்கள். ஆட்டிசத்தை முற்றிலும் நீக்கும் மருந்து எதுவும் இன்றளவும் இல்லை. குருத்தணுச் சிகிச்சை என்று சொல்லி இலட்சக்கணக்கில் பணம் கேட்பவர்கள் உண்டு. அச்சிகிச்சையை ஆட்டிசத்திற்குப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இல் தெரிவித்துவிட்டது. காதுத்தோட்டை அடகு வைத்தும், வட்டிக்கு வாங்கியும் அங்கே கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

மற்றொன்று, கையைப் பிடித்து எழுத வைக்கும் முறை. பயிற்றுநர் பிள்ளையின் கையைப் பற்றிக்கொள்ள, பிள்ளை எழுத்துகளைத் தொட்டு அரிய கருத்துகளை எழுதுவதாகச் சொல்லுவர். 1990களின் தொடக்கத்தில் இதனைச் சோதித்தார்கள். பிள்ளைக்கு ஒரு படமும் பயிற்றுநர்க்கு வேறொரு படமும் காட்டியபோது, எழுதப்பட்டது பயிற்றுநர் கண்ட படத்தின் பெயரே! பயிற்றுநர் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. தம்மை அறியாமலே கையை நடத்தினர். 1994இல் அமெரிக்க உளவியல் சங்கம் இம்முறைக்கு அறிவியல் சான்று இல்லை என்று தீர்மானம் இயற்றியது. பெற்ற மனம் இதனை ஏற்க வருந்தும் என்பதை அறிவேன். எனினும், நம் வாயை அடைத்துவிட்டு நமக்காகப் பேசுகிறோம் என்றவர்களை நாம் நெடுங்காலம் கண்டவர்கள். நம் பிள்ளையின் பெயரால் மற்றொருவர் பேசுவதை நாம் ஏற்கலாமா? பிள்ளை பிறர் கை படாமல், தானே செய்வது பொருட்டல்லாத ஓர் அடையாளமாயினும் அதுவே அவனுடைய சொல். அவன் தானே நீட்டிய ஒரு முறுக்குப் படம், பிறர் கையால் எழுதப்பட்ட நூறு கவிதைகளினும் மேலானது.

இறுதியாக, உரிமையைப் பற்றிச் சில சொற்கள். 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் என்னும் பெயரே இடம்பெறவில்லை. 1999இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைச் சேர்த்துக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக அதனை ஏற்றது. நூற்றுக்கு நாற்பதும் அதற்கு மேலும் குறைபாடு உடைய பிள்ளைக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை, அண்மைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை அச்சட்டம் வழங்கியிருக்கிறது. கருத்துத் தொடர்பு என்பதில் மாற்று வழிகளும் அடங்கும் என்று அச்சட்டமே வரையறுத்திருக்கிறது. ஆகவே, ‘பேசத் தெரியாத பிள்ளையைச் சேர்க்க முடியாது’ என்று எந்தப் பள்ளி கூறினாலும் தலைகுனிந்து திரும்பி வராதீர்கள். உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் உள்ளனர். மாவட்டத்தில் தொடக்க நிலை இடையீட்டு மையம் உண்டு. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பன்முகக் குறைபாடு உடையோர்க்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கி வருகிறது. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ மருத்துவக் காப்பீட்டைப் பற்றியும் கேட்டறிந்து பதிந்துகொள்ளுங்கள்.

ஆயின் நாட்கூலிக்குச் செல்லும் தாய்க்கு, நகரத்து மையத்திற்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலியின் இழப்பு. அதன்மேல் பேருந்துக் கட்டணம். இவ்விடத்திலேதான் சங்கத்தின் தொண்டு தேவைப்படுகிறது. வெள்ளிவிழாவின் நினைவாகக் கட்டடம் எழுப்பலாம், சிலை எழுப்பலாம். அவற்றோடு என் வேண்டுகோள் மூன்றனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் மாலை நேரப் பாட வகுப்புகளில் படப்பலகை ஒன்று மாட்டப்படட்டும். மற்றப் பிள்ளைகளும் அதனைக் கற்கட்டும். படித்த நம் இளைஞர் இருவர் முறையான பயிற்சி பெற்று வந்து, பெற்றோர்க்கு அவரவர் தெருவிலேயே கற்றுக் கொடுக்கட்டும். சான்றிதழுக்காக அலுவலகம் செல்லும் தாயோடு எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் உடன் செல்லட்டும். ஒரு வீட்டார் மட்டுமே அறிந்த மொழியால் ஒரு பிள்ளை எத்துணைக் காலம் பேசும்? பெட்டிக்கடைக்காரரும் பக்கத்து வீட்டாரும் அப்படங்களை வாங்கிப் பொருள் கொடுத்தால்தான் அது ஊரின் மொழியாகும். பெற்றோர்க்குப் பின் இப்பிள்ளையின் கதி என்ன என்னும் கவலைக்கு நான் அறிந்த முதல் மறுமொழி, அவனுடைய மொழி தெரிந்த பத்துப் பேரை இன்றே உண்டாக்குதல்.

‘இதுகள் எங்கே படிக்கப் போகின்றன’ என்று ஒரு காலத்தில் நம் தெருப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்கள். அச்சொல்லைப் பொய்யாக்கிக் காட்டிய சங்கம் இது. நம் தெருவுக்குள்ளேயே ஒரு பிள்ளையைப் பார்த்து நாமே அச்சொல்லைச் சொல்லாதிருப்போமாக. அவன் நீட்டும் படத்தை வாங்கிக்கொள்ள நம் கைகள் காத்திருக்கட்டும்.